அண்ணன் வளர்த்த பூனை

என்னைவிட என் அண்ணன் வயதில் சிறியவன். அவன் இந்த உலகத்தில் இருந்தது மூன்றே நாள். நானோ இந்தக் கதை நடந்தபோது தொடக்கநிலை மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. எனக்கு முன்னால் பிறந்தவன் எத்தனை நாள் இருந்தாலும் அண்ணன்தான் என்பதில் அம்மா கண்டிப்பாக இருந்தாள். வருடா வருடம் கல்லறைத் திருநாளன்று தோ பாயோவில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து சிங்கப்பூரின் மறுகோடியில் உள்ள சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். அங்கே குழந்தைகள் வரிசையில் இருந்த ஒரு சின்ன சிமெண்டுத் திட்டின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "அண்ணா, நல்லா இருக்கீங்களா?" என்று நான் கேட்க வேண்டும். பதிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதை நானாகவே கற்றுக்கொண்டேன்.

அவனைப் பற்றி வீட்டில் அதிகம் பேச மாட்டார்கள். குறைமாதத்தில் பிறந்தான், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான், போய்விட்டான். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அம்மா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்ததால் அவனை ஒரு முறைகூடக் கையில் வாங்கவில்லை. அவள் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பாதான் ஒரு நண்பரின் வேனில், சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்தாராம். அம்மாவுக்குத் தெரிந்த மகன் அந்தத் திட்டு மட்டும்தான்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். மின்தூக்கியிடம் பொய் சொல்ல முடியாது, ஆள் விழுந்து சாவான் என்பார். அந்த வழக்கம் மனிதர்களிடமும் வந்துவிட்டது. விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்புக் கூடுதல் என்று சொல்லிவிட்டுத்தான் மறுசோறு வாங்குவார். உறவுக்காரப் பெண்ணின் நிச்சயத்தில், மாப்பிள்ளை காட்டிய படம் முடி கொட்டுவதற்கு முன்னால் எடுத்தது என்று சபையிலேயே சொல்லி, இரண்டு வருடம் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாமல் இருந்தோம். "மனசுல ஒண்ணு வாயில ஒண்ணு எனக்கு வராது" என்பார். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அதனால் நாங்கள் பட்ட பாட்டை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

நான் சொல்லப்போகும் வருடத்துக் கல்லறைத் திருநாளுக்கு மாமாவும் வந்திருந்தார். அம்மாவின் தம்பி. கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையில் இருந்தார். கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய காட்டில்தான் அவர்களுக்குப் பயிற்சி என்பதால், ஏதோ அந்த இடமே தன் சொத்து போல நடந்து வந்தார். பக்கத்து வரிசைகளில் சாம்பிராணிப் புகையும் ஜெபமும் கூட்டமுமாக இருந்தது. அம்மா திட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா காற்றுக்குக் கையை மறைத்து மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். தேக்கா சந்தையில் வாங்கிய செவ்வந்திப் பையைப் பிடித்துக்கொண்டு நான் சும்மா நின்றேன்.

திட்டுக்குப் பின்னால் லாலான் புல் ஆளுயரம் வளர்ந்திருந்தது. அதற்குள் இரண்டு கண்கள் தெரிந்தன. வெள்ளையாக, வட்டமாக, இமைக்காமல் என்னையே பார்த்தன. நானும் பார்த்தேன். பிறகு அந்தக் கண்கள் மெல்ல அந்தப் பக்கம் திரும்பின. திரும்பியதும் ஒரு முகம் வந்தது. அந்த முகத்தில் வேறு இரண்டு கண்கள் இருந்தன.

அது புல்லிலிருந்து வெளியே வந்தது. பூனைதான். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் படுத்திருக்கும் பூனைகளின் அளவுதான் இருக்கும், கால் மட்டும் கொஞ்சம் நீளம். ஆனால் உடம்பெல்லாம் கரும்புள்ளி, நெற்றியில் மேல்நோக்கி இழுத்த கோடுகள். காதுகளின் பின்பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை வட்டம். அந்த வட்டங்களைத்தான் நான் முதலில் கண்கள் என்று நினைத்திருந்தேன். அத்தனை கூட்டத்தையும் அது பொருட்படுத்தாமல் வந்து, மண் உள்வாங்கியதால் திட்டின் அடியில் விழுந்திருந்த இடுக்கில் தலையை நுழைத்து, உடம்பை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. அண்ணன் இருக்கும் இடத்துக்கு.

அம்மாவும் பார்த்திருந்தாள். அவள் கையிலிருந்த பிரஷ் அப்படியே நின்றது.

"தெருப் பூனை" என்றார் அப்பா.

"எந்தத் தெருவுல மாமா இப்படிப் புள்ளி வெச்ச பூனையைப் பாத்திருக்கீங்க?" என்றார் என் மாமா. அக்காள் கணவரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "இது காட்டுப் பூனை லா. டிரெய்னிங்ல ஒரு தடவை பாத்தேன். நாங்க காட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போகணும்னாகூட மரத்துக்கிட்ட எக்ஸ்கியூஸ் மீ சொல்லிட்டுதான் போவோம். அங்க இருந்து ஒரு குச்சிகூட எடுத்துட்டு வரக் கூடாது. அங்க இருக்குறது கூடவே வந்துடும்."

"பிள்ளைய பயமுறுத்தாத" என்றார் அப்பா. மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கு அதுவும் பயமாகத்தான் இருந்தது.

அந்தப் பூனையை மறக்கடிக்கும் சேதி ஒன்று அன்றைக்கே காத்திருந்தது. வரிசையின் முனையில் புதிய அறிவிப்புப் பலகை. கல்லறைகளுக்குப் பதினைந்து ஆண்டுதான் கெடு. அது முடிந்த கல்லறைகளைத் தோண்டி, கிடைப்பதை எரித்து, சாம்பலைக் கலசத்தில் கொடுப்பார்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கே இடம் போதாதபோது இல்லாதவர்களுக்கு எங்கே போவது? அரசு கட்டிக் கொடுத்த எங்கள் வீவக வீட்டுக்குக் குத்தகை தொண்ணூற்றொன்பது ஆண்டு, அண்ணன் வீட்டுக்குப் பதினைந்து ஆண்டு. அவன் வரிசைக்கு வருகிற ஜூன் என்று போட்டிருந்தது.

பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் அம்மாவிடம் ஆறுதலாகப் பேச வந்தாள். சிலருடைய ஆறுதலுக்குத் தப்புவது கடினம். "சின்னப் பிள்ளைங்கன்னா ஒண்ணும் கெடைக்காதுக்கா. எங்க அண்ணி பிள்ளைக்குத் தோண்டினப்ப வெறும் மண்ணுதான். ஒரு பிடி மண்ணை அள்ளிக் குடுத்தாங்க. மனசத் தேத்திக்குங்க."

அன்று மாலை வீட்டில் அம்மா அப்பாவிடம் கேட்டாள். "அவ சொன்னது நெசமா? ஒண்ணுமே இருக்காதா?"

வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் தெரியாது என்றாவது சொல்லியிருப்பார். என் அப்பா யோசித்துவிட்டு, "மூணு நாள் பிள்ளை. எலும்பே சரியா கட்டியிருக்காது. இருக்காது" என்றார்.

"நான் அவனைத் தொட்டதே இல்ல. ஒரு தடவை கையில வாங்கணும். சின்ன எலும்பா இருந்தாலும் போதும். அவ்வளவுதான் நான் கேக்குறேன்."

அவள் கேட்டது அப்பாவிடமா கடவுளிடமா என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் அம்மா என்னைத் தேக்காவுக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தாள். சந்தையில் ஒரு பை சின்னச் செலார் மீன் வாங்குவாள். பிறகு ரயிலேறி, பஸ் மாறி, சுவா சூ காங் போய்விடுவோம். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது எனக்கே தெரிந்தது. கூட்டமில்லாத நாளில் அந்தத் தோட்டம் வேறு இடமாக இருந்தது. தூரத்தில் ராணுவத்தார் சுடும் சத்தம் கேட்கும். போர் விமானம் தலைக்கு மேல் இரைந்து போகும். அது போன பிறகு வரும் அமைதியில் புல் அசைவதுகூடப் பெரிதாகக் கேட்கும்.

அம்மா மீனைத் திட்டின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி உட்காருவாள். வெயில் சாயும் நேரத்தில் அது வரும். வரும் சத்தம் கேட்காது. ஒரு பார்வை பார்க்கும்போது இருக்காது, அடுத்த பார்வையில் இருக்கும். மியாவ் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மீனைத் தின்றுவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும். அப்போதும் அந்த வெள்ளை வட்டங்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நான் அம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். அம்மா பயந்ததாகவே தெரியவில்லை.

"அண்ணனுக்குத் துணைக்கு இருக்கு" என்றாள் ஒரு நாள், அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது போல.

இன்னொரு நாள் அந்த இடுக்கில் பெரிய முகத்துக்குக் கீழே ஒரு குட்டி முகம் தெரிந்தது. அதற்கும் நெற்றியில் கோடுகள். கொட்டாவி விட்டுவிட்டு உள்ளே போய்விட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தக் காலத்தில் வீவக வீட்டில் பூனை வளர்க்க அனுமதி கிடையாது. நான் எத்தனையோ முறை அழுது பார்த்தும் அப்பா சட்டம் சட்டம்தான் என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவன் பாட்டுக்குக் குட்டியோடு ஒரு பூனையை வளர்த்துக்கொண்டிருந்தான். அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது, "அண்ணா, குட்டிக்குப் பேர் வெச்சாச்சா?" என்று நானாகவே கேட்டேன். அம்மா என் தலையில் கை வைத்தாள்.

டிசம்பரில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு சனிக்கிழமை போக முடியவில்லை. மூன்றாவது வாரம் போனபோது தோட்டம் முழுக்கத் தண்ணீர் தேங்கியிருந்தது. திட்டின் ஒரு மூலை இன்னும் இறங்கி, அந்த இடுக்கில் சேறு வழிந்து பாதிக்கு மேல் அடைத்திருந்தது. அம்மா வைத்த மீனைப் பூனை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தது. நின்று, இடுக்கில் முகத்தை வைத்து, முதல் முறையாகச் சத்தம் கொடுத்தது.

அது பூனைச் சத்தம் இல்லை. குழந்தை அழுதது. நான் இன்றைக்கும் அதை வேறு விதமாகச் சொல்ல மாட்டேன். சத்தம் பூனையின் வாயிலிருந்து வந்ததா, திட்டுக்குள்ளிருந்து வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. "அம்மா, அண்ணன் அழுவுறாங்க" என்றேன்.

அம்மா எழுந்து நேராகப் போனாள். பூனை நகர்ந்து அவளுக்கு இடம் விட்டது. அவள் ஈரச் சிமெண்டில் முழங்காலிட்டு, கன்னத்தை அதன் மேல் வைத்துப் படுத்துக்கொண்டாள். ஒரு கை எட்டும் தூரத்தில் அந்தப் பூனையும் குனிந்து இடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றது. "எடுத்துடுறேன்டா" என்று அம்மா சிமெண்டிடம் சொன்னாள். "கொஞ்ச நாள் பொறுத்துக்க. வந்து எடுத்துடுறேன்." அவளை அப்படி நான் பார்த்ததில்லை. பூனைக்கும் கல்லறைக்கும் பயந்தது போக அம்மாவுக்குப் பயந்து, பஸ் நிறுத்தம் வரை அவள் கையைப் பிடிக்காமல் நடந்தேன். அன்றிரவு எனக்குக் காய்ச்சல் கண்டது. அதற்குப் பிறகு அவள் என்னை அங்கே கூட்டிப்போகவில்லை. அவளும் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் மாதத்தில் அந்த நாள் வந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் நாங்கள் மூவரும் போனோம். திட்டின் மேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். வெட்டுவதற்கு இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். அம்மா புதிதாக வாங்கிய வெள்ளைத் துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தோண்டுவதைப் பார்க்க முடியாமல் நாலு வரிசை தள்ளிப் போய் ஜெபமாலை சொல்லிக்கொண்டு நின்றாள். நான் அவளோடு நிற்க வேண்டும் என்று உத்தரவு. நான் பாதி வழியில் ஒரு சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சிமெண்டைப் பெயர்த்ததும் உள்ளே ஒரு பொந்து தெரிந்தது. தஞ்சாவூர்க்காரர் அதிலிருந்து காய்ந்த புல்லையும் மண்ணையும் அள்ளினார். பிறகு மண்வெட்டியால் எதையோ பதமாகத் தூக்கி ஒரு செய்தித்தாளில் ஓரமாக வைத்தார். அப்பாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அப்பா குனிந்து பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார். அது அப்படியே ஓரத்தில் கிடந்தது. அவர்கள் கீழே வெட்டிக்கொண்டே போனார்கள். மண் நிறம் மாறியது. கரிய மண் வந்தது. ஒருவர் குழிக்குள் இறங்கிக் கையாலேயே துழாவினார். ஏறி வந்து, அப்பாவைப் பார்த்துக் கையை விரித்தார். அப்பா குழியோரத்தில் குந்தி, அள்ளிப் போட்ட கரிய மண்ணைத் தன் கையாலும் கிளறிப் பார்த்தார்.

அதற்குள் சத்தம் நின்றதைக் கவனித்து அம்மா வந்துவிட்டாள். குழியை அவள் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"இருக்கா?"

அப்பா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். "இருக்கு" என்றார்.

வேலையாட்கள் இருவரும் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். அப்பா அவர்களைப் பார்க்கவில்லை. நேராகப் போய், ஓரத்தில் கிடந்த செய்தித்தாளை இரண்டு கையாலும் தூக்கிவந்தார். "மேலாகவே இருந்துச்சு. மழையில நகந்திருக்கும்" என்றார். யாரும் கேட்காமலேயே தன் சொல்லுக்கு அவர் விளக்கம் சொன்னது அதுதான் முதல் முறை. அம்மா வெள்ளைத் துணியை விரித்தாள். ஒரு கைக்குள் அடங்கிவிடும்; தீக்குச்சி போன்ற பழுப்பு எலும்புகள், முட்டையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மண்டையோடு.

நான் எப்போது அவர்கள் நடுவில் தலையை நுழைத்தேன் என்று தெரியவில்லை. அண்ணனை முதல் முறையாகப் பார்க்கிறேன். பயப்படுவேன் என்று நினைத்திருந்தேன், பயமே இல்லை. கிட்டத்தில் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"அம்மா! அண்ணனுக்குப் பல்லு முளைச்சிருக்கு!"

உண்மைதான். சின்னஞ்சிறு தாடையில் ஊசி போலப் பற்கள், இரண்டு ஓரத்திலும் கூர்மையாக. தஞ்சாவூர்க்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். எங்கேயோ ஒரு விமானம் கிளம்பும் சத்தம் கேட்டது.

அம்மா குனிந்து பார்த்தாள். அவசரப்படாமல், நன்றாகவே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"பதினஞ்சு வருஷம் ஆச்சே" என்றாள் என்னிடம். "முளைக்காதா?"

துணியை நாலு பக்கமும் மடித்து, தோளோடு சாய்த்து, ஒரு கையால் அடியில் தாங்கி, மறு கையால் மேலே தட்டிக்கொடுத்தாள். எரிப்பதற்காக அவர்கள் வாங்க வரும்வரை கொடுக்கவில்லை. அப்போதுதான் நான் புல்லோரத்தில் அதைப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த இரண்டு வெள்ளை வட்டங்களோடு உட்கார்ந்திருந்தது. அம்மாவின் முழங்கையைத் தொட்டுக் காட்டினேன். அம்மா அதைப் பார்த்ததும் தட்டிக்கொடுப்பதை நிறுத்தினாள். அது தலையைத் திருப்பி, எங்களையும் துணியையும் பார்த்தது. அம்மா அதற்குத் தலைகுனிந்தாள். இத்தனை நாள் காவல் காத்ததற்கு நன்றி சொல்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மண்ணுக்குள் இருப்பவர்களும் வளர்வார்கள் என்று வெகுகாலம் நம்பினேன். அண்ணன் என்னைவிட உயரமா என்றுகூட இருட்டில் யோசித்திருக்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை ஒரு கண்ணாடிப் பேழையைத் திறந்து, பூனையினத்தின் மண்டையோடு, கோரைப் பல்லைப் பாருங்கள் என்று காட்டியபோது, வகுப்பை விட்டு வெளியே போய்க் கழிவறையில் உட்கார்ந்துவிட்டேன். சிறுத்தைப் பூனை என்று அதற்குப் பெயர், வீட்டுப் பூனைக்கு நெருங்கிய சொந்தம் என்றெல்லாம் பிறகு தெரிந்துகொண்டேன். கோயிலில் சாம்பல் கலசங்கள் வைக்கும் மாடத்தில் அண்ணன் பெயருக்குக் கீழே இருப்பது யார் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். மூவரும் வருடா வருடம் செவ்வந்தி வைக்கிறோம். ஃபாதர் தீர்த்தம் தெளிக்கிறார். அப்பா இன்றைக்கும் குழம்பில் உப்புக் கூடுதல் என்றால் கூடுதல் என்றுதான் சொல்கிறார்.

அன்று திரும்பும்போது டாக்சியில் அவர்களுக்கு நடுவில் என்னை உட்காரவைத்தார்கள். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கைகள் முழங்காலின் மேல் கிடந்தன, நகக்கண்ணெல்லாம் கரிய மண். பாதி வழியில் அம்மா என் மேலாகக் கையை நீட்டி, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையால் ஒவ்வொரு விரலாக அழுத்தி அழுத்தித் துடைத்தாள். மண் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்பாவின் தோள்கள் குலுங்கின. அம்மா ரொம்ப அழுத்தித் துடைக்கிறாள், அவருக்கு வலிக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.